மூன்றாம் குடும்பம்

கட்டுரையில் என் பெயர் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் அதை அழித்துவிட்டு அனுப்ப வேண்டும் என்று அந்த ஆய்விதழின் விதியில் இருந்தது. சமாதானம் பற்றிய ஆய்வுகளை மட்டும் வெளியிடும் இதழ். எழுதியவர் யார் என்று தெரியாமல் இரண்டு பேர் படித்துத் தீர்ப்புச் சொல்வார்கள். அவர்கள் யார் என்று எனக்கும் தெரியாது. நியாயமான ஏற்பாடுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தனியாக உட்கார்ந்து சொந்தப் பெயரைத் தேடித் தேடி அழித்துப் பாருங்கள், அப்போது தெரியும். முதல் பக்கத்தில் அழித்தேன். நன்றியுரையை மொத்தமாகத் தூக்கினேன். என் பழைய கட்டுரைகளைச் சுட்டிய இடங்களில் வெறுமனே ‘ஆசிரியர்’ என்று போட்டேன். முடிந்தது என்று நிமிர்ந்தால், கோப்பின் விவரங்கள் இருக்கும் மூலையில், இதை உருவாக்கியவர் இன்னார் என்று கணினி நான் கேட்காமலே என் பெயரை எழுதி வைத்திருந்தது. அதையும் அழித்தேன்.

கேரளத் தலைநகரை ஒட்டிய கழக்கூட்டத்தில், ஏழாவது மாடியில் வாடகை ஃப்ளாட். பக்கத்து ஃப்ளாட்டில் ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கும் நான்கு பெண்கள் இருக்கிறார்கள். லிஃப்டில் பார்த்தால் ‘ஆன்டி’ என்று சிரிப்பார்கள். கல்லூரியில் ‘மேடம்’, மளிகைக்கடையில் ‘சேச்சி’. அன்று வேலையை முடித்துவிட்டு யோசித்துப் பார்த்தேன், என்னைப் பெயர் சொல்லி யாராவது கூப்பிட்டு எத்தனை நாளாயிற்று என்று. ஞாபகம் வரவில்லை. காப்பி போட எழுந்து போனேன்.

எனக்கு ஐம்பத்து மூன்று வயது. நாகர்கோவில் பக்கம் பிறந்து, படிப்புக்காக இங்கே வந்து, இங்கேயே தங்கிவிட்டவள். கல்யாணம் அமையவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் வெடுக்கென்று பதில் சொல்லிச் சொல்லி, இப்போது கேட்க ஆளில்லாமல் ஆக்கிக்கொண்டேன். கோபம் எனக்கு மூக்கு நுனியில். நகரத்தில் ஒரு கல்லூரியில் கெஸ்ட் லெக்சரராகப் பத்தொன்பது வருஷமாகச் சமாதானம் பற்றிப் பாடம் நடத்துகிறேன். ஊருக்கு உபதேசம் என்று என்னை யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

கட்டுரை எங்கள் ஆட்களின் ஒரு வழக்கத்தைப் பற்றியது. நல்லதுக்கு அழைச்சாப் போகணும், கெட்டதுக்கு அழைக்காமப் போகணும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். கல்யாணம் என்றால் கணவனும் மனைவியுமாக வீடு தேடி வந்து, தாம்பூலத்தட்டில் பத்திரிகை வைத்து, குங்குமம் கொடுத்து அழைக்க வேண்டும். அழைக்காமல் போனால் மரியாதையில்லை. சாவு அப்படியல்ல. யாரும் யாரையும் அழைப்பதில்லை, காதில் விழுந்ததும் புறப்பட வேண்டியதுதான். இருபது வருஷம் முகம் பார்க்காதவன்கூட வந்து பந்தலில் ஒரு நாற்காலியில் உட்காரலாம். ஏன் வந்தாய் என்று யாரும் கேட்கக் கூடாது. அன்றோடு பகை முடிந்தது. யாரும் மன்னிப்புக் கேட்பதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. இதைத்தான் நான் இரண்டு வருஷமாகப் பாறசாலையிலும் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர்களிலும் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதினேன்.

மூன்று குடும்பங்களைத் தேர்ந்தெடுத்திருந்தேன். முதல் குடும்பத்தில் அண்ணனும் தம்பியும் ஒரு மதில் சுவருக்காகப் பேச்சை விட்டவர்கள். இரண்டாவது, அடுத்தடுத்த இரண்டு வீடுகள். ஒன்று வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர் வீடு, மற்றது எங்கள் ஆட்களுடையது. சண்டை ஒரு ஒலிபெருக்கிக்காக. இரண்டு இடத்திலும் ஒரு சாவு வந்தது, அழைக்காமல் போனார்கள், பேச்சு வந்தது. மூன்றாம் குடும்பத்தில் மட்டும் இன்னும் பேச்சு வரவில்லை. அதில் இரண்டு பேர். மூத்தவர், இளையவர் என்று எழுதியிருந்தேன். அந்த இளையவர் நான்தான். மூத்தவர் என் அக்கா.

சொந்தச் சண்டையைக் கொண்டுபோய் ஆய்வுக்குள் வைப்பாயா என்று கேட்காதீர்கள். வைத்துவிட்டேன். முதலில் வேறு யாரோ சொன்னதுபோல் ஒரு பத்தி எழுதினேன். எழுதும்போது மனசுக்கு இதமாக இருந்தது. அது இரண்டு பக்கமாக வளர்ந்துவிட்டது.

எட்டு வருஷத்துக்கு முன்னால் அக்கா மகளுக்குக் கல்யாணம். அக்காவை இங்கிருந்து இரண்டு பஸ் மாறிப் போகும் வித்துரா என்ற ஊரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பத்தில் கொடுத்திருந்தது. அம்மா அப்பா போன பிறகு எனக்கு இந்த உலகத்தில் அவள் ஒருத்திதான். கல்யாணம் உறுதியானதும் அவளும் அத்தானும் நாகர்கோவில் முழுக்க நடந்து பத்திரிகை வைத்தார்கள் என்று எனக்குத் தகவல் வந்தது. இந்த நகரத்திலேயே கிழக்கேகோட்டையில் இருக்கும் தூரத்துச் சொந்தத்துக்குக்கூட நேரில் வந்து வைத்தார்கள். அங்கிருந்து என் வீடு எவ்வளவு தூரம்? சனி ஞாயிறு இரண்டு நாளும் வீட்டைக் கழுவி, நாற்காலிக்கு உறை மாற்றி, பலகாரம் வாங்கி வைத்துக் காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. வந்தது வாட்ஸாப்பில் பத்திரிகையின் படம். அக்கா மகள் அனுப்பியிருந்தாள். கூட ஒரு வார்த்தை கிடையாது.

தனியாக இருக்கிற பொம்பளைக்கு எதற்கு முறையான அழைப்பு, அது என்ன ஒரு வீடா என்று நினைத்துவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. அந்தப் படத்தில் மேலே இருந்த பிள்ளையாரையும் மணமக்கள் பெயரையும் பார்த்தேன். அதற்கு மேல் பார்க்கவில்லை, கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. படத்தை அழித்தேன். கல்யாணத்துக்குப் போகவில்லை. அவளாக ஒரு வார்த்தை கேட்கட்டும் என்று இருந்தேன். அவள் கேட்கவில்லை. வீம்பில் இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே. எட்டு வருஷம் ஓடிவிட்டது.

திங்கட்கிழமை கட்டுரையை என் துறையில் இருக்கும் இளம் ஆசிரியையிடம் படிக்கக் கொடுத்தேன். கொல்லத்துக்காரி, கெட்டிக்காரி, எதையும் முகத்துக்கு நேராகக் கேட்பாள். மத்தியானம் ஸ்டாஃப் ரூமில் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டே கேட்டாள்.

“சேச்சி, மூணாமத்தெ வீட்டுக்காருடெ கன்சென்ட் எவிடே?”

மூன்றாம் குடும்பத்தின் ஒப்புதல் படிவத்தைத்தான் கேட்டாள். நாம் யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவர்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட தாள். அது இல்லாமல் அந்த இதழ் கட்டுரையைத் தொடாது. மற்ற இரண்டு குடும்பத்திலும் வாங்கி ஃபைலில் வைத்திருந்தேன்.

“ஒருத்தர்து இருக்கு. இன்னொருத்தர்து வாங்கணும்,” என்றேன்.

“வேகம் வாங்கிக்கோ. வெள்ளியாழ்ச்ச லாஸ்ட் டேட் அல்லே,” என்று சொல்லிவிட்டு அவள் மோர்க்குழம்பை ஊற்றினாள்.

வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். மூன்றாம் குடும்பத்தை எடுத்துவிட்டால் பிரச்சினை இல்லை, எடுத்திருக்கலாம். ஆனால் அன்று சாயங்காலம் பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் ஓடியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். எட்டு வருஷத்தில் முதல்முறையாக அக்கா வீட்டுக்குப் போக எனக்கு ஒரு காரணம் கிடைத்திருந்தது. எனக்கு வேண்டியது கையெழுத்து அல்ல. அந்த வீட்டுப் பிள்ளையாக மறுபடியும் அந்த வீட்டுக்குள் போக வேண்டும், அவ்வளவுதான். கையெழுத்து என்று சொல்லிக்கொண்டால் போவதற்குக் கால் வரும்.

புதன்கிழமை லீவு போட்டேன். போன் செய்துவிட்டுப் போகலாமே என்றால், வேண்டாம் என்று அவள் ஒரே சொல்லில் முடித்துவிடுவாளோ என்று பயம். நெடுமங்காடு போய் அங்கிருந்து வித்துரா பஸ் பிடித்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்து, என்ன சொல்லித் தொடங்குவது என்று வழி முழுக்க மனசுக்குள் பேசிப் பார்த்துக்கொண்டே போனேன். அந்த யோசனையில் ஒரு பழம்கூட வாங்கத் தோன்றவில்லை. தோளில் பையும் பைக்குள் படிவமும். கையை வீசிக்கொண்டு போய் இறங்கினேன்.

கடைக்குப் பின்னால் வீடு. முற்றத்தில் பாய் விரித்து அக்கா மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தாள். தலை பாதிக்கு மேல் நரைத்திருந்தது. கேட் சத்தம் கேட்டு நிமிர்ந்தவள் முதலில் என் முகத்தைப் பார்த்தாள். அடுத்தாற்போல் என் கையைப் பார்த்தாள். கையில் ஒன்றும் இல்லை. அவள் எழுந்து நின்றாள், மிளகு விரலிடுக்கில் சரிந்து விழுந்தது.

“யாருட்டி போனா?” என்றாள்.

எட்டு வருஷத்துக்குப் பிறகு என் அக்கா என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

“யாரும் போகலைக்கா.”

“நாகர்கோவில் மாமாவா? மறைக்காம சொல்லு.”

“மாமா நல்லாத்தான் இருக்காவ. யாருக்கும் ஒண்ணும் இல்லை.”

அவள் அப்படியே பாயோரத்தில் உட்கார்ந்துவிட்டாள். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். அழைக்காமல், வெறும் கையோடு, வாரத்தின் நடுவில் ஒரு வேலை நாளில் நான் வந்து நின்றால், சாவுச் செய்தி கொண்டு வந்திருக்கிறேன் என்றல்லாமல் அவள் வேறு என்ன நினைப்பாள்? இரண்டு வருஷமாக இதைத்தானே ஊர் ஊராகக் கேட்டு எழுதினேன்! அழைக்காமல் போவது அழகான காரியம் என்று இருபத்தைந்து பக்கம் எழுதியவளுக்கு, அது வீட்டுக்காரியின் கண்ணுக்கு எப்படிப் படும் என்று ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லை.

பயம் போனதும் அவளுக்குக் கோபம் வந்தது. “பின்னே எதுக்குட்டி இப்படி வந்து நிக்கே? உசிரு போயிட்டு வந்துது.”

“சும்மாதான். ஒரு வேலை விஷயமா.”

“வேலையா,” என்றாள். பிறகு, “உள்ள வா,” என்றாள்.

டீ கொடுத்தாள். நான் சீனியை விட்டு இரண்டு வருஷமாகிறது, அது அவளுக்குத் தெரிய வழியில்லை. பழைய கணக்குக்கு இரண்டு கரண்டி போட்டிருந்தாள். ஒன்றும் சொல்லாமல் குடித்தேன். அத்தான் கடையிலிருந்து எட்டிப் பார்த்து, “வாம்மா, சுகமா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். சுவரில் அவள் பேரப்பிள்ளையின் படம் மாட்டியிருந்தது. மூன்று வயதுப் பெண் குழந்தை, அக்காவின் நெற்றி. இப்படி ஒரு குழந்தை இருக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தேன், படத்தில்கூடப் பார்த்தது இல்லை.

மூளை உள்ளவளாக இருந்தால் அப்போது பையைத் திறந்திருக்க மாட்டேன். எனக்குக் கை சும்மா இருக்கவில்லை, படிவத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். இன்னது இன்னது என்று விளக்கினேன்.

“என் கண்ணாடி கடையில கிடக்கு. நீயே வாசி,” என்றாள்.

படிவத்தோடு சேர்த்திருந்த தமிழ்ச் சுருக்கத்தை வாசித்தேன். ‘மூன்றாம் குடும்பத்தில் மூத்தவர் தம் மகளின் திருமணத்துக்கு இளையவரை நேரில் சென்று அழைக்கவில்லை. அழைப்பிதழின் படம் மட்டுமே கைபேசியில் அனுப்பப்பட்டது. தனித்து வாழும் பெண்ணை ஒரு குடும்பமாகக் கருதாத வழக்கத்தால் நேர்ந்த விலக்கல் இது எனக் கொள்ளலாம்.’

“இது நம்மளில்லா?”

“பேரு எதுவும் போடலைக்கா. யாருக்கும் தெரியாது.”

“விலக்கல்னா என்னது?”

“சேத்துக்கிடாம விடுறது.”

அவள் டீத்தம்ளரை ஒதுக்கி வைத்தாள். பிறகு எழுந்து அறைக்குள் போனாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. மகளின் கல்யாண ஆல்பத்துக்குள்ளிருந்து பத்திரிகையை எடுத்துக்கொண்டு வந்து என் மடியில் போட்டாள்.

“வாசி. கடைசி வரைக்கும் வாசிக்கணும், கேட்டியா.”

ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம். பிள்ளையார், மணமக்கள், நாள், இடம். நான் எட்டு வருஷத்துக்கு முன்னால் நிறுத்திய இடத்தைத் தாண்டிக் கீழே வந்தேன். ‘தங்கள் நல்வரவை விரும்பும்’ என்று போட்டு அதன் கீழே வீட்டு ஆட்களின் பெயர்கள். அக்கா, அத்தான், அத்தானின் தம்பி குடும்பம். அதற்கு அடுத்த வரியில் தனியாக என் பெயர். பெயருக்கு முன்னால் டாக்டர் என்று இருந்தது. பக்கத்தில் மணமகளின் சித்தி என்று இருந்தது.

“அப்ப எனக்குப் பட்டம் கிடைக்கலையே,” என்றேன்.

“கல்யாணத்துக்குள்ள கிடைச்சிரும்னு நீதானே சொன்னே.”

சொல்லியிருப்பேன். வாய் யாருடையது?

“அழைக்கிறவளைப் போயி யாருட்டி அழைப்பா?” என்றாள். குரல் உயரவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. “நீ பத்து நாளைக்கு முன்னாடியே வந்து நிப்பேன்னு மாடி ரூமை ஒதுக்கிப் பாய் தலகாணி எடுத்துப் போட்டிருந்தேன். வாற சாமான் எல்லாம் நீதான் எடுத்து வைக்கணும்னு சாவியைக்கூட யாருக்கும் குடுக்கல்ல. பத்திரிகையைப் போன்ல அனுப்புறப்ப முதல்ல சித்திக்குக் காட்டுன்னு பிள்ளைகிட்ட சொன்னேன். எல்லாருக்கும் முன்னாடி உனக்குத்தான் அனுப்பினா.”

“ஒரு வார்த்தை போன்ல சொல்லியிருக்கலாமில்லா.”

“நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்லா.”

திறந்திருந்த கதவு வழியே முற்றத்து மிளகுப் பாய் தெரிந்தது. ஒரு கோழி அதன் மேல் நடந்து போனது, அவள் விரட்டவில்லை.

“மணவறைக்குப் பக்கத்தில நிக்கேன். வந்தவங்க எல்லாரும் தங்கச்சி எங்கேன்னு கேட்டாவ. மாநாட்டுக்கு டெல்லி போயிருக்கான்னு சொன்னேன். நல்ல நேரத்தில நின்னுகிட்டுப் பொய் சொன்னேன், உனக்காக.”

ஆராய்ச்சிக்காரி! யாருடைய பேச்சையும் நான்கு தடவை கேட்டு, தாளின் கடைசி எழுத்துவரை படித்துக் குறிப்பெடுக்கிறவள். சொந்த அக்காவின் பத்திரிகையைக் கீழ்வரை படிக்கவில்லை.

அவள் படிவத்தை எடுத்து மடித்து என்னிடம் நீட்டினாள். “தப்பா எழுதினதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

“சரிக்கா.”

“அப்பம், நேரில வந்து அழைச்சா சேத்துக்கிட்டதுன்னு அர்த்தமா? உங்க படிப்பில அப்படியா?”

மன்னிச்சுக்கோ அக்கா என்று சொல்லி அவள் கையைப் பிடித்துக்கொள்ள அதைவிட நல்ல சமயம் வராது. எனக்குள் இருக்கும் லெக்சரர் முந்திக்கொண்டாள். “வழக்கம்னு பார்த்தா அப்படித்தான்,” என்றேன்.

“சரி,” என்றாள் அக்கா. கடையில் விலை கேட்டுவிட்டு வாங்காமல் போகிறவர்களிடம் அத்தான் சொல்லும் ‘சரி’ போல இருந்தது. சாப்பிட்டுவிட்டுப் போ என்று அவள் சொல்லவில்லை. ஒன்றரை மணி பஸ் இருக்கிறது என்றாள். கேட்டைத் தாண்டித் திரும்பிப் பார்த்தபோது குனிந்து மிளகைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை மூன்றாம் குடும்பத்தை அழித்தேன். என் பெயரை அழித்ததைவிட அது சீக்கிரம் முடிந்தது. இரண்டு பக்கத்தையும் தேர்ந்தெடுத்து ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ‘மூன்று குடும்பங்கள்’ என்று வந்த இடங்களில் ‘இரண்டு’ என்று மாற்றினேன். வெள்ளிக்கிழமை காலை இதழின் தளத்தில் ஏற்றினேன். கடைசியில் ஒரு கட்டம் வந்தது. இந்த ஆய்வில் ஆசிரியருக்குத் தனிப்பட்ட தொடர்பு எதுவும் இல்லை என்று ஒப்புக்கொண்டு டிக் போட வேண்டும். போட்டேன். இப்போது அது உண்மைதான்.

கல்லூரி விட்டதும் நேராகப் பழவங்காடி கணபதி கோயிலுக்குப் போனேன். பரீட்சை எழுதினாலும் பாஸ்போர்ட் எடுத்தாலும் எங்கள் ஆட்கள் அங்கே ஒரு தேங்காய் உடைப்பார்கள். நானும் உடைத்தேன். அர்ச்சனைச் சீட்டு வாங்கும் இடத்தில் உள்ளே இருந்தவர் நிமிராமல், “பேரு? நாள்?” என்று கேட்டார். நட்சத்திரத்தை இங்கே நாள் என்பார்கள். வாரம் முழுக்க என் பெயரை அழித்ததில் எனக்கு அது வாயில் வரவில்லை போலும். அக்கா பெயரையும் அக்கா நட்சத்திரத்தையும் சொன்னேன். அவர் எழுதிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு தினமும் போனை எடுப்பேன். அக்கா நம்பரை எடுத்துப் பார்ப்பேன். என்ன சொல்வது என்று தெரியாமல் வைத்துவிடுவேன். நேரில் போகலாம் என்றால், மறுபடி அவள் நெஞ்சில் கையை வைத்துக்கொள்வாளோ என்று இருந்தது. இதழின் தளத்தைத் திறந்தால் ‘பரிசீலனையில்’ என்று ஒரே வார்த்தை நிற்கும். இப்படியே ஒன்றரை மாதம் போயிற்று.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கீழே இருந்து செக்யூரிட்டி கூப்பிட்டார். “மேடம், கெஸ்ட் உண்டு. ரெண்டு பேர். விடட்டே?”

கதவைத் திறந்தால் அக்காவும் அத்தானும். அக்கா பட்டுச்சேலை கட்டியிருந்தாள். அத்தான் கையில் ஒரு துணிப்பை. உள்ளே வாங்க, உட்காருங்க என்று நான் சொல்லிக்கொண்டே நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளினேன். அக்கா வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். எட்டு வருஷத்தில் அவள் இங்கே வருவது இதுதான் முதல் தடவை.

“டீ போடுகேன். இப்ப நான் சீனி போடுறதில்லை, உனக்கு வாங்கி...”

“வேண்டாம், இன்னும் நாலு வீடு போகணும்,” என்றாள்.

அத்தான் பையிலிருந்து தட்டை எடுத்தார். அக்கா அதில் வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள் எல்லாம் எடுத்து வைத்து, மேலே ஒரு பத்திரிகையை வைத்தாள். இரண்டு பேரும் சேர்ந்து நின்று தட்டைப் பிடித்தார்கள். நானும் நின்றேன். எதிரில் நான் ஒருத்திதான்.

“பேத்திக்குக் காதுகுத்து. வெள்ளிக்கிழமை, வித்துராவில நம்ம வீட்டிலதான். முறையா வந்து அழைச்சிருக்கோம்,” என்றாள் அக்கா. நம்ம வீட்டில் என்றாள். அந்த நம்மில் நான் இருந்தேனா என்று அவள் முகத்தில் தேடினேன். கோபம் தெரியவில்லை, சிரிப்பும் தெரியவில்லை. குங்குமச்சிமிழைத் திறந்து நீட்டினாள். எடுத்து வைத்துக்கொண்டேன்.

இரண்டு கையாலும் தட்டை வாங்கினேன். அந்தச் சனியும் ஞாயிறும் நாற்காலிக்கு உறை மாற்றிக் காத்திருந்தது இதற்குத்தான். ஒரு குறையும் இல்லாமல், நான் எழுதியிருந்த மாதிரியே நடந்தது.

லிஃப்ட் வரை கூடவே போனேன். அத்தான் பாவம், காலையிலிருந்து எத்தனை வீடு ஏறி இறங்கினாரோ, பழக்கத்தில் கையைக் கூப்பி, “குடும்பத்தோட வந்திரணும்,” என்றார். சொன்னதும் அவருக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியிருக்கும். அக்கா அவரைப் பார்த்தாள், பிறகு லிஃப்டின் பொத்தானை அழுத்தினாள். கதவு மூடியது.

உள்ளே வந்து விளக்கைப் போட்டுக்கொண்டு பத்திரிகையைக் கீழ்வரை படித்தேன். ஒரு எழுத்து விடவில்லை. தங்கள் நல்வரவை விரும்பும் என்று போட்டு, அதன் கீழே அக்கா, அத்தான், மகள், மருமகன், அத்தானின் தம்பி குடும்பம். அதோடு முடிந்தது. மலையாளப் பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன். அங்கேயும் அவ்வளவுதான்.

அவள் என்னைத் தண்டித்தாளா, இல்லை, தங்கச்சி இதைத்தானே கேட்டாள், செய்து கொடுப்போம் என்று செய்தாளா, எனக்கு இன்னும் தெரியவில்லை. கேட்கத் தைரியம் இல்லை. குழந்தைக்கு ஒரு பட்டுப்பாவாடை வாங்கி வைத்திருக்கிறேன். நல்லதுக்கு அழைத்தால் போக வேண்டும், நானும் போவேன். முகூர்த்தம் ஒன்பதரைக்கு. பத்து நாள் முன்னால் போய் நிற்க வேண்டியதில்லை, ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தால் போதும்.